கொஞ்சம் குறைச்சு அழுங்க

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரணைக்கு வந்த வழக்கு இதுதான்: வீட்டை யார் துடைப்பது, குளியலறைக்கு பல்பு வாங்க யார் போவது.

கட்சிக்காரர்கள் இரண்டு பேர். நீதிபதியும் அந்த இரண்டு பேரில் ஒருத்திதான். எந்தத் தகராறு வந்தாலும் அவளே வாதாடி அவளே தீர்ப்பும் சொல்லிவிடுவதால், கல்யாணமான கையோடு புருஷன் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்துவிட்டான். அந்தப் பெயர் மாடியில் குடியிருந்த அவன் அக்காவின் வாய்க்குப் போய், அங்கிருந்து தெருவுக்கு இறங்கி, அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சொந்தப் பெயர் பீரோவுக்குள் கல்யாணப் புடவை மாதிரி மடங்கிக் கிடந்தது.

"நீங்க துடைச்சா வீட்டுக்குள்ள கப்பல் விடலாம். நான் துடைக்கிறேன், நீங்க கடைக்குப் போங்க," என்றாள் ஜட்ஜம்மா.

"மேல்முறையீடு உண்டா?"

"கிடையாது. மஞ்ச வெளிச்சம் வேண்டாம். வெள்ளை வாங்கிட்டு வாங்க."

அவன் வீட்டில் போடும் செருப்போடு கிளம்பினான். அவள் பின்னறையிலிருந்து ஆரம்பித்து வாசல் வரைக்கும் துடைத்துக்கொண்டு வந்தாள். துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு போலீஸ்காரர், மீசை இன்னும் முழுசாக முளைக்காத வயசு.

"உள்ள வரலாமாம்மா?"

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க. தரை ஈரம்," என்றாள்.

அவரும் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டைக் காலுறையோடு ஈரத் தரையில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: முனையில் சாலையைக் கடக்கும்போது பார்சல் வண்டி மோதியது, ஓட்டியவனின் கண் போனில் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, "வெள்ளையா, மஞ்சளா?" என்றாள்.

போலீஸ்காரருக்குப் புரியவில்லை. அவர்மேல் என்ன தப்பு?

*

வழக்கு ஒரு வருஷத்துக்குள் விசாரணைக்கு வந்தது. அன்றைக்குத் துணைக்கு வந்தவள் மாடியில் இருந்த நாத்தனார். ஜட்ஜம்மா அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணிக்குக் கல்யாணம், காட்சி ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனில் உட்கார்ந்தே தலை நரைத்துவிட்டது. மனிதர்கள் எத்தனை ராகத்தில் அலறுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

நீதிமன்ற வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை இருப்பதுதான் அவள் உத்தியோகமாம். தலையை இடது பக்கம் சாய்த்து, "உங்க வலி எங்களுக்குப் புரியுது," என்றாள்.

அண்ணி ஜட்ஜம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். "பாவம், கழுத்து சுளுக்கு போல."

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

பெண்ணின் தலை வலது பக்கம் சாய்ந்தது. "நான் இந்த மாடிக்குப் புதுசுங்க."

"சரி. உள்ள நான் பேசணுமா, சும்மா உட்காரணுமா?"

"உங்க மனசு என்ன சொல்லுதோ அதைச் செய்ங்க."

உள்ளே போனதும் ஜட்ஜம்மாவின் மனசு எழுந்து நில் என்றது. எழுந்தாள். வாயைத் திறந்தாள். மேடையில் இருந்த நிஜ நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, உட்காரச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் தீர்ப்புக்கு அவள் கட்டுப்பட்டாள். பார்சல் வண்டிக்காரனுக்கும் தண்டனை கிடைத்தது. ஆனால் வெளியே வரும்போது அவள் மனசில் அது இல்லை.

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்களா?" என்று அண்ணியிடம் கேட்டாள்.

"எதுக்கு?"

"தலையைச் சாய்க்கிறதுக்கு."

வேலையைப் பற்றிய எண்ணம் அவளுக்கு அப்படித்தான் வந்தது. தொண்டுள்ளம் எல்லாம் இல்லை. சுத்தமான எரிச்சல். ஆயுசுக்கும் ஆறாத துக்கத்தைவிட அரைமணி நேர எரிச்சல் மனிதனை அதிக தூரம் ஓட வைக்கும்.

அதற்குப் பிறகு கடையில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கு அளவெடுக்கும் நேரமெல்லாம் மண்டைக்குள் திட்டம் ஓடியது. முதலில் மாலை நேரப் பயிற்சி வகுப்பு. தேறினால் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான துணை அறையில் வேலை. சட்டம் கொஞ்சம் பிடிபட்டதும் இலவச சட்ட உதவி அலுவலகம். கடைசியில் ஒரு தனி அறை, அதில் சாயாத தலையோடு அவள்.

"ஊர்ல ஆயிரம் வேலை இருக்கு," என்றாள் அண்ணி. "கண்ணாடி வித்தே சாகலாம். இவ போயும் போயும் ஒப்பாரிக்குத் துணை போறதுக்கு சர்டிபிகேட் வாங்கப் போறாளாம்."

"நீங்க முப்பது வருஷமா பல்வலிக்குத் துணை போகலையா அண்ணி?"

"பல்லைப் பிடுங்கினா வலி போயிடும்டி. இதுல எதைப் பிடுங்குவ?"

*

வகுப்பு ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. பாடம் நடத்தியவருக்கு முதல் நாளே மெத்தை என்று பெயர் விழுந்துவிட்டது. குரல் அவ்வளவு மெதுமெது. அவர் சொல்வதைக் கேட்டால் மேலே படுத்துத் தூங்கலாம் போல இருக்கும். அந்த மெத்தைதான் முதல் வகுப்பிலேயே ஓர் ஆணியையும் நீட்டியது.

"வீட்ல இப்படியொரு இழப்பு நடந்து ரெண்டு வருஷம் ஆகாதவங்க இந்தப் பயிற்சிக்கு வரக்கூடாது. சொந்தக் காயம் ஆறாம அடுத்தவங்களுக்குக் கட்டுப் போட முடியாது பாருங்க. அப்படி யாராவது இங்க இருக்கீங்களா?"

யாரும் கை தூக்கவில்லை. ஜட்ஜம்மா தன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு வருஷம் ஆக இன்னும் நிறைய பாக்கி இருந்தது. காத்திருந்தால் எரிச்சல் ஆறிப்போகும். எரிச்சல் ஆறினால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

பாடம் நன்றாகத்தான் ஏறியது. யார் சாட்சி, யார் பார்வையாளர், சாட்சி சொல்லப் போகிறவரிடம் வழக்கைப் பற்றி ஏன் மூச்சு விடக்கூடாது என்பதெல்லாம் மற்றவர்கள் திரும்பத் திரும்பப் படித்தபோது அவளுக்கு ஒரே தடவையில் பதிந்தது. வகுப்பில் ரிட்டையர்டு போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். எதற்கெடுத்தாலும் "என் சர்வீஸ்ல" என்று ஆரம்பிப்பார். அவர்கூட அவளிடம் சந்தேகம் கேட்டார்.

வினை ஒரு சீட்டில் வந்தது. நடித்துக் காட்டும் பயிற்சி அன்றைக்கு. ஒருவர் பாதிக்கப்பட்டவர், ஒருவர் துணையாளர் அல்லது செய்தி சொல்ல வந்தவர். யாருக்கு என்ன வேஷம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஜட்ஜம்மா எடுத்த சீட்டில் இருந்தது: சாலை விபத்தில் கணவனை இழந்த பெண்.

ஒரு நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதில் தோற்றால் உலகத்தில் எதிலும் ஜெயிக்க முடியாது.

நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே ரிட்டையர்டு போலீஸ்காரர், விபத்துச் செய்தியைச் சொல்ல வந்தவராக. அவள் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு பல்பு வெள்ளையா மஞ்சளா என்று கேட்டாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"என் சர்வீஸ்ல எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கேன்," என்றார் போலீஸ்காரர். "ஒரு பொம்பளைகூட ஷூவைக் கழட்டுன்னு சொன்னதில்லை. நம்புற மாதிரி இல்லையே!"

மெத்தையும் வருத்தத்தோடு தலையசைத்தார். "நீங்க உணர்ச்சியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீங்கம்மா. புருஷனை இழந்தவங்க இப்படி இருக்க மாட்டாங்க. நடிப்பில உண்மை வேணும்."

பத்துக்கு மூன்று போட்டார். கடைசி மார்க்.

மாடிக்குப் போய் அண்ணியிடம் சொன்னபோது, அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். "அடியே, என் தம்பிக்குப் பொண்டாட்டியா இருக்கிறதுக்கு உனக்குத் தகுதி பத்தலைன்னு நான் அன்னைக்கே எங்கம்மாகிட்ட சொன்னேன்! இப்ப விதவையா இருக்கவும் பத்தலையாம்!" கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். ஜட்ஜம்மாவும் சிரித்தாள். வேறு என்ன செய்வது, மூன்று மார்க்குக்கு அழவா முடியும்?

ஆனால் கணக்கு அவ்வளவு வேடிக்கையாக இல்லை. இறுதித் தேர்வில் நல்ல மார்க் எடுத்தால்தான் இனி தேற முடியும். தேறினால் துணை அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, மெத்தையே சொன்னார். தேறாவிட்டால் பழையபடி கண்ணாடிச் சட்டம்.

"தேர்வு நீதிமன்றத்திலேயே நடக்கும்," என்று மெத்தை அறிவித்தார். "நாடகத்துல நடிக்கிற ஒரு அம்மாவைக் கூப்பிட்டிருக்கேன். அவங்கதான் பாதிக்கப்பட்டவங்க. தேர்வு அறைக்குள்ள போனதும்தான் ஆரம்பிக்கும்னு நினைக்காதீங்க. வராந்தாவிலேயே அழுதுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. நீங்களா கண்டுபிடிச்சுப் பேசணும்."

அண்ணியை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள் ஜட்ஜம்மா. வீட்டில் திருட்டுப் போனவளாக அண்ணி மார்பில் அடித்துக்கொண்டாள். நகையைவிட பிஸ்கட் டப்பா போனதற்கு அதிகம் அழுதாள். வழிப்பறியில் பை பறிகொடுத்தவளாகத் தரையில் உருண்டாள். மேல்வீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

"இப்ப, கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவ மாதிரி பண்ணுங்க," என்றாள் ஜட்ஜம்மா யோசிக்காமல்.

அண்ணி எழுந்து சேலையை உதறினாள். "அது எனக்கு வராது. வேற ஏதாவது குடு," என்று சொல்லிவிட்டு, பால் பொங்கிவிட்டதா என்று பார்க்கப் போனாள். அடுப்பில் பாலே இல்லை.

*

தேர்வு நாள் காலையில் வராந்தாவின் கடைசி நாற்காலியில் நாடகக்காரி உட்கார்ந்திருந்தாள். கண்டுபிடிக்க ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. கட்டிடமே அதிர்ந்தது.

"ஐயோ தம்பி! என் ராசா! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா!"

ஜட்ஜம்மா விதிப்படி நடந்தாள். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். தொடவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக் கை எட்டும் தூரத்தில் வைத்தாள். பிறகு அழுகை ஓய்வதற்காகக் காத்திருந்தாள்.

அது ஓயவில்லை. மூச்சு வாங்குவதற்கு ஓர் இடைவெளி, உடனே அடுத்த சரணம். "நான் துணை அறையிலிருந்து வர்றேன்" என்ற முதல் வரியை ஜட்ஜம்மா நாலு தடவை ஆரம்பித்தாள். நாலு தடவையும் அது "ராசா"வுக்கு அடியில் நசுங்கியது. நேரம் ஓடியது. இப்படியே போனால் ஒரு வார்த்தை பேசாமல் பூஜ்யம் வாங்க வேண்டியதுதான். அண்ணியின் பிஸ்கட் டப்பா அழுகை ஞாபகம் வந்தது. இந்த நடிக்கிறவர்களே இப்படித்தான். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வசனம் விட மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் பார்த்தாள். மெத்தையின் அறைக்கதவு மூடியிருந்தது. குனிந்து, ஒரே பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்கிற தோரணையில் சொன்னாள்:

"அக்கா, நல்லாத்தான் பண்றீங்க. ஆனா கொஞ்சம் குறைச்சு அழுங்க. நான் பேச இடமே கிடைக்கல. நிஜமா அழறவங்க இவ்வளவு சத்தம் போட மாட்டாங்க."

குழாயைத் திருகி மூடியதுபோல் அழுகை நின்றது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பினாள். மூக்கு வீங்கி, கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன.

"நிஜமா அழறவங்களா?" என்றாள். "அப்ப நான் யாருடி?"

ஜட்ஜம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். அதே நேரம் படிக்கட்டில் தடதடவென்று செருப்புச் சத்தம். கையில் பாதி தின்ற பன்னோடு ஒரு குண்டு அம்மாள் ஓடிவந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"சாரி, பஸ் லேட்டு. நான்தான் செத்துப் போனவரோட பொண்டாட்டி. யார்கிட்ட அழணும்?"

சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தானோ என்னவோ, மெத்தையின் அறைக்கதவும் திறந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் ஜட்ஜம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள், போலீஸ் பிடி. "என் தம்பியை ஒருத்தன் வண்டி நிறுத்துற சண்டையில அடிச்சுக் கொன்னுட்டான். இன்னைக்குக் கேஸு. அக்காக்காரி எப்படி அழணும்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லிக் குடு. கத்துக்கிறேன்."

தெரியாது. மாடியிலேயே ஒரு அக்காக்காரி இருக்கிறாள். அவள் தம்பிக்காக அழுது ஜட்ஜம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கப் போனதும் இல்லை.

"தெரியாதுங்க," என்றாள். "மன்னிச்சிடுங்க. உங்களை நடிக்க வந்தவங்கன்னு நினைச்சுட்டேன். எனக்கு அழவும் தெரியாது. என் வீட்டுக்காரர் வண்டி மோதிச் செத்ததைச் சொல்ல வந்த போலீஸ்காரரை நான் ஷூவைக் கழட்டச் சொன்னேன். தரை ஈரமா இருந்துச்சு. அதைத்தான் வகுப்புல நடிச்சுக் காட்டினேன். பத்துக்கு மூணு போட்டாங்க."

மெத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் முழங்கையை விடாமலே கேட்டாள்: "கழட்டினானா?"

"கழட்டினார். காலுறையில ஓட்டை."

"எனக்குப் போன் வந்தப்போ நான் தலைக்குச் சாயம் பூசிக்கிட்டு இருந்தேன்," என்றாள் அந்தப் பெண். "பாதிதான் பூசியிருந்தேன். அப்படியே ஓடினேன். ஆஸ்பத்திரியில என் தம்பி பக்கத்துல நிக்கிறேன், ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை, கழுத்து வரைக்கும் சாயம் வழியுது. நர்ஸ் அடிபட்டது நான்னு நினைச்சு என்னை ஸ்ட்ரெச்சர்ல படுக்கச் சொல்றா."

சொல்லி முடிக்கும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். சிரித்தாள். பொல்லாத சிரிப்பு, அழுகையைவிட அதிகச் சத்தம். ஜட்ஜம்மாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. எதிர் வரிசையில் இருந்த வக்கீல் ஒருவர் கேஸ் கட்டுகளை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்.

நாடகக்காரி பன்னை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். "அந்தச் சாயத்தை நான் ஒரு நாடகத்துல வச்சுக்கலாமாக்கா?" என்று பணிவோடு கேட்டாள்.

"வச்சுக்கோ. நல்லா பண்ணு."

மெத்தை தொண்டையைச் செருமினார். "உங்க வீட்டுக்காரர் எப்ப தவறினாரு?"

ஜட்ஜம்மா சொன்னாள்.

"ரெண்டு வருஷம் ஆகலையே. முதல் நாளே கேட்டேனே."

"கேட்டீங்க. கையைத் தூக்கியிருந்தா வெளிய அனுப்பியிருப்பீங்க."

"அனுப்பித்தான் இருப்பேன்." முதல் தடவையாக அவர் குரலில் பஞ்சு இல்லை. "இப்பவும் அனுப்பித்தான் ஆகணும். துக்கத்துல இருக்கிற ஒரு அம்மாகிட்ட குறைச்சு அழுங்கன்னு சொல்லியிருக்கீங்க. இதை நான் எந்தக் கணக்குல சேர்க்கிறது? காலம் முடிஞ்சதும் அடுத்த வகுப்புக்கு வாங்க, முதல்லேருந்து. அந்த நாற்காலி அதுவரைக்கும் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்தார்: "அந்த மூணு மார்க்… அது நான் போட்டது தப்பு."

"இருக்கட்டும் சார். நம்புற மாதிரியா இருந்துச்சு?" என்றாள் ஜட்ஜம்மா.

அவள் எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்று சொல்வதும் பொய். கண்ணாடிக் கடையின் ஷட்டர் கண்முன் ஒரு தடவை ஏறி இறங்கியது. அடுத்த வகுப்பு என்றால் இன்னும் எத்தனையோ பேருக்குச் சட்டம் மாட்டிப் பார்க்க வேண்டும், காது மடலில் அழுத்துகிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று. சரி, மாட்டிப் பார்ப்போம். எரிச்சல் இன்னும் தீரவில்லை. கைவசம் நிறைய இருந்தது. அதற்கு முன்னால் இன்றைக்குச் சாயங்காலம் மாடி ஏற வேண்டும். செய்தி வந்தபோது அண்ணி எங்கே நின்றிருந்தாள் என்று கேட்க வேண்டும். கரண்டி பறந்து வந்தாலும் பரவாயில்லை.

உள்ளேயிருந்து ஒரு சிப்பந்தி எட்டிப் பார்த்து வழக்கு எண்ணைக் கூவினான். அந்தப் பெண் எழுந்தாள். முழங்கையை விடவில்லை.

"நீயும் வா."

"அவங்க இன்னும் தேறலைங்க," என்றார் மெத்தை. "துணை அறை சார்பா வேற ஒருத்தரை அனுப்பறேன்."

"யாரு, அந்தத் தலையைச் சாய்க்கிற பொண்ணா? காலையிலயே வந்துச்சு. கழுத்துக்கு எண்ணெய் போடச் சொல்லி அனுப்பிட்டேன்." முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "இவ பரீட்சையில ஃபெயிலு. நான் அழுகையில ஃபெயிலு. சரியாப் போச்சு. நான் இன்னைக்குச் சாட்சி சொல்லக்கூட வரல, சும்மா பார்க்கத்தான். பார்க்க வர்றதுக்கும் பரீட்சை வச்சிருக்கீங்களா?"

மெத்தை யோசித்தார். நடத்திய பாடத்தையெல்லாம் அவர் மனசுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது.

"இல்ல," என்றார் கடைசியில். "பார்வையாளர் பெஞ்சுல யார் வேணும்னாலும் உட்காரலாம்."

நடந்துகொண்டே ஜட்ஜம்மா சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாத்ரூம் படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது, தாழ்ப்பாள் விழாது, நான் வெளியே நின்று பிடித்துக்கொள்கிறேன். எதிராளியின் வீட்டு ஆட்கள் இடது பக்கம் உட்காருவார்கள், நாம் வலது பக்கம் போய்விடலாம். ஜட்ஜ் உங்களைப் பார்த்தாலும் எழுந்திருக்காதீர்கள். மனசு எழுந்திருக்கச் சொல்லும், அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

"அழுகை வந்தா?"

"இஷ்டத்துக்கு அழுங்க. வெளிய போகச் சொன்னா சேர்ந்து போவோம்."

நீதிமன்ற அறையின் கதவுக்கு வந்தார்கள். அந்தப் பெண் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினாள்.

"இழுங்க," என்றாள் ஜட்ஜம்மா.

கதவில், கைப்பிடிக்கு மேலே, பித்தளைத் தகட்டில் 'தள்ளவும்' என்று எழுதியிருந்தது. அவளுடைய வழக்கின்போதும் அப்படித்தான் எழுதியிருந்தது.